ஜட்ஜம்மா கனடா போகவில்லை

ஜட்ஜம்மா வீட்டை விற்றுவிட்டு கனடாவுக்கே போய்விடப் போகிறாராம் என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் முதலில் சொன்னது யாரென்று தெரியாது. ஜட்ஜம்மா தபீதாளின் காதுக்கே அது ஜெயவேலு வழியாகத்தான் வந்தது. ஜெயவேலுவுக்கு, அவருடைய ஹார்டுவேர் கடையில் பெயின்ட் எடுக்க வந்த மேஸ்திரி சொன்னாராம். மேஸ்திரிக்கு, அவர் வேலை செய்யும் வீட்டம்மா சொன்னாராம். அந்த வீட்டம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று தேடிக்கொண்டு போனால் பல்லாவரம் தாண்டிப் போகவேண்டியிருக்கும்.

முப்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்தவர் தபீதாள். 'அவர் சொன்னதாக இவர் சொன்னார்' என்று ஆரம்பித்த சாட்சிகளை எத்தனையோ தடவை பாதியில் நிறுத்தியிருக்கிறார். கடை வாசலில் நின்றுகொண்டு ஜெயவேலுவை அப்படி நிறுத்த முடியவில்லை.

"இன்னா ஜட்ஜம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? உங்களுக்கு அந்த மனைய குட்த்ததே எங்கப்பாதான். இப்ப வெளியாளுக்கு வித்தா எனக்கு மனசு ஆறுமா?"

"யாருக்கும் விக்கல ஜெயவேலு."

"ரேட்டு நீங்களே சொல்லுங்க. கொறைக்கச் சொல்லி கேக்கமாட்டேன். கேட்டாலும் கொஞ்சமாத்தான் கேப்பேன்."

"நான் குழாய்க்கு வாஷர் வாங்க வந்தேன். விட்டுட்டுப் போற வீட்டுக்கு யாராவது வாஷர் மாத்துவாங்களா?"

ஜெயவேலு வாஷரைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தபடி சிரித்தார். "விக்கிற வூட்டுக்குத்தாம்மா மொதல்ல வாஷர் மாத்துவாங்க."

வாதம் சரிதான் என்று தபீதாளுக்குத் தோன்றியது. அதுதான் எரிச்சலாகவும் இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் இதைச் சிரித்துவிட்டு விட்டிருப்பார். ஆனால் மூன்று வாரத்தில் தேர்தல்.

தபீதாளின் அப்பாவுக்குத் தாம்பரம் ரயில்வே கார்ஷெட்டில் வேலை. பீச் வண்டியில் தினமும் போய்வந்து சட்டம் படித்த பெண், முன்சீப் ஆகி, பரமக்குடி, அரியலூர், திருப்பத்தூர் என்று மூட்டை கட்டி மூட்டை அவிழ்த்து, சப் ஜட்ஜ் ஆகி, கடைசியில் மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றார். பின்பாதி முழுக்க மேல்முறையீடுகள்தான். கீழ்க் கோர்ட்டில் ஒருவர் அழுதது மேல்கோர்ட்டுக்கு வரும்போது டைப் அடித்த காகிதமாகத்தான் வரும். காகிதத்தைப் பார்த்து அழுகையைக் கண்டுபிடிப்பவன்தான் மேல்முறையீட்டு ஜட்ஜ் என்று ஜூனியர்களிடம் சொல்வார். அவர் எழுதிய தீர்ப்புகளில் மேலே போய் உடைந்தவை குறைவு. அந்த நினைப்பு கொஞ்சம் தலையிலும் ஏறியிருந்தது என்று அவருடைய கணவர் தனசிங் சொல்வதுண்டு.

ஓய்வுக்குப் பிறகு அவர் சேர்ந்திருக்கும் தென்கரைச் சுவிசேஷத் திருச்சபையில் மேல்முறையீட்டு மன்றத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். சபைக்குள் நடக்கும் தகராறுகள், சபையின் பள்ளிக்கூடங்களில் வேலை போனவர்கள், கமிட்டித் தேர்தல் வழக்குகள், எல்லாம் அங்கே வரும். மூன்று பேர் உட்காரும் மன்றம். சம்பளம் இல்லை, டீயும் மேரி பிஸ்கட்டும் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, ஊருக்கு ஊர் உள்ள சேகரங்களிலிருந்து பிரதிநிதிகள் பேரவையில் கூடி, மன்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பார்கள். தபீதாள் இதுவரை மூன்று தடவையும் போட்டியில்லாமல் வந்தவர். இந்தத் தடவை வக்கீல் யேசுதாசன் எதிரே நிற்கிறார்.

தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறது என்று இருக்க முடியாததற்குக் காரணம் எப்சி.

எப்சி சபைப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மூன்றாம் வகுப்புச் சுவரில் விழுந்த விரிசலைப் படம் எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் போட்டாள். நிர்வாகத்துக்கு அவப்பெயர் உண்டாக்கினாள் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். மேல்முறையீடு மன்றத்துக்கு வந்தது. நிர்வாகத்துக்காக வந்து வாதாடியவர் யேசுதாசன். மன்றத்தில் ஒருவர் நிர்வாகத்தின் பக்கம். இன்னொருவரான சுவிசேஷமுத்து எப்சி பக்கம். தபீதாளும் அந்தப் பக்கம்தான். தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று. கையெழுத்துப் போடுகிற வாரம் பார்த்து சுவிசேஷமுத்துவுக்கு மூட்டு ஆபரேஷன். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் தீர்ப்பு வாசிக்கவேண்டும் என்பது சபைச் சட்டம். அவர் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்பதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. அறிவிப்பு வந்தபின் பேரவை முடியும்வரை மன்றம் எந்தத் தீர்ப்பும் சொல்லக்கூடாது. யேசுதாசன் ஜெயித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் வாதாடிய வழக்கை அவரே தீர்ப்பார். நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லும் பழக்கம் அந்த மன்றத்தில் யாருக்கும் வந்ததில்லை.

வாஷரோடு வீட்டுக்கு வந்த தபீதாள் நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போனார். தனசிங் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் பாடகர் குழுவில் பேஸ் என்ற அடிக்குரலில் பாடுகிறவர். பாடகர் குழு இரண்டாம் ஆராதனையில்தான் பாடும். தபீதாள் காலை ஆறரை மணி ஆராதனைக்கே போய்விட்டு வந்துவிடுவார்.

"ஏங்க, கனடா போறோம்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நான் ஏன் சொல்றேன்?"

"சொல்லாம ஜெயவேலு வரைக்கும் எப்படிப் போச்சு?"

தனசிங் தோசையைச் சட்னியில் இரண்டு தடவை தேவையில்லாமல் தோய்த்தார். "போன வாரம் ஸ்தோத்திரக் காணிக்கை குடுத்தேன். விசா வந்ததுக்கு."

தபீதாள் உட்கார்ந்துவிட்டார். பிறந்தநாள், பரீட்சை, ஆபரேஷன், எதுவானாலும் சபையார் கவரில் காணிக்கை போட்டுக் கொடுப்பார்கள். ஆராதனை முடியுமுன் செயலர் ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார். எண்ணூறு பேர் ஆமென் சொல்வார்கள்.

"என்னன்னு வாசிச்சாங்க?"

"கனடாவிலிருக்கும் மகன் ஆரோன் குடும்பத்தாரிடம் செல்ல விசா கிடைத்ததற்காக, தனசிங், தபீதாள் குடும்பத்தார்னு. ரெண்டு தடவ ரிஜெக்ட் ஆன விசா தபீ. கடவுள் நன்மை செஞ்சா நன்றி சொல்ல வேணாமா?"

"அது சுத்திப் பார்க்கப் போற விசா. அதுல குடியேற முடியாது."

"அது எனக்குத் தெரியும்."

"சபைக்குத் தெரியுமா? எப்ப போறீங்கன்னு யாராவது கேட்டா என்ன சொல்றீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன். சிரிப்பேன்."

"எப்படிச் சிரிப்பீங்க?"

தனசிங் சிரித்துக் காட்டினார். வீடு விற்று, பெட்டி கட்டி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டவரின் சிரிப்பு அது. இந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு எந்த சாட்சியும் தேவையில்லை என்று தபீதாள் நினைத்தார்.

"நீ தோக்கணும்னு நான் நினைக்கல," என்றார் தனசிங், தட்டைப் பார்த்துக்கொண்டு. "தோத்தா டிக்கெட் விலை பார்க்கலாம்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

அன்று சாயங்காலமே ஆரோன் கனடாவிலிருந்து கூப்பிட்டான். வாசல் கேமராவை அவன்தான் மாட்டிவிட்டுப் போயிருந்தான். தூக்கம் வராதபோதெல்லாம் அதில் ராஜகீழ்ப்பாக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். "அம்மா, மூணு பேர் வந்து நம்ம வீட்டை ஃபோட்டோ எடுத்துட்டுப் போறாங்க. யாரும்மா அவங்க? கதவைப் பூட்டிக்கோங்க."

"புரோக்கர்டா. பயப்படாத."

"புரோக்கரா? வீட்ட விக்கிறீங்களா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவனுக்கு விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவன் கேட்டான்: "சரிம்மா, போகலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டா முடிஞ்சிச்சே? இதுல என்ன கஷ்டம்?"

கஷ்டம் அங்கேதான் இருந்தது. சொல்லக்கூடாது என்று தீர்ப்பு எழுதியவரே தபீதாள்தான்.

திருச்சபையில் யாரும் வெளிப்படையாக ஓட்டுக் கேட்பதில்லை. அது அநாகரிகம். அதற்குப் பதிலாக வீட்டு ஜெபத்துக்குப் போவார்கள். தேர்தல் வந்தால் போதும், நிற்கிறவர் பைபிளோடு வந்து காலிங்பெல்லை அடிப்பார். ஜெபத்துக்கு வந்தவரை வேண்டாம் என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? காப்பி வரும், முறுக்கு வரும், ஜெபம் முடியும். எழுந்துபோகும்போது 'என்னையும் ஜெபத்தில நினைச்சுக்கோங்க' என்பார். பேச்சு அவ்வளவுதான். போன தேர்தலுக்கு முந்தி, செம்பாக்கம் சேகரத்தில் மெர்வின் என்பவர் அப்படி வீடு வீடாக ஜெபித்துச் செயலராக ஜெயித்தார். தோற்றவர் மேல்முறையீடு செய்தார். தபீதாள் அந்தத் தேர்தலை ரத்து செய்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'அறிவிப்பு வந்த நாள்முதல், வேட்பாளர் தாமாகவோ தம் வீட்டார் மூலமாகவோ தாம் அனுப்பும் வேறொருவர் மூலமாகவோ, ஜெபம், துக்கம், நலம் விசாரிப்பு என்று எந்தச் சாக்கிலும், நேரிலும் தொலைபேசியிலும், தம் தேர்தலுக்கு உதவும் எதையும் வாக்காளரிடம் பேசலாகாது' என்று சேர்த்து எழுதினார். எல்லாக் கோயில்களிலும் வாசித்தார்கள். அந்த வாசகத்தை எழுதிய அன்று தபீதாளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகு அதை யாரும் மதித்ததில்லை. ஆனால் தபீதாள் மீறினால் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

சிட்லபாக்கத்தில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இறந்துபோனார். தெருவை அடைத்துப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி. தனசிங் பாடகர் குழுவோடு நின்று பாடிக்கொண்டிருந்தார். தபீதாள் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பேரவைப் பிரதிநிதி.

"குளிர் தாங்குவீங்களா அக்கா? அங்க மைனஸ்ல போகுமாமே. தெர்மல் வாங்கிட்டீங்களா? தி.நகர்ல வேண்டாம், அங்கேயே போய் வாங்குங்க."

"இல்லம்மா, நான் எங்கயும்..."

பின்வரிசையிலிருந்து ஒரு செருமல் வந்தது. யேசுதாசன். வெள்ளைச் சட்டை, கையில் பாட்டுப் புத்தகம், முகத்தில் துக்கம். மெதுவாக முன்னால் குனிந்தார்.

"மேடம், மன்னிக்கணும். இது துக்க வீடு. தேர்தல் சம்பந்தமா..."

"நான் தேர்தலைப் பத்திப் பேசல. என் வீட்டைப் பத்திப் பேசறேன்."

"புரியுது மேடம். ஆனா நீங்க போறீங்களா, இருக்கீங்களாங்கிறதுலதானே தேர்தலே இருக்கு? 'உதவும் எதையும்'னு எழுதியிருக்கீங்க. நான் மனப்பாடமா வச்சிருக்கேன். நல்ல தீர்ப்பு மேடம். ஜூனியர்ஸுக்கெல்லாம் படிக்கக் குடுக்கறேன்."

தபீதாள் வாயை மூடிக்கொண்டார். பக்கத்து அம்மாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்று மட்டும் விளங்கியது: ஜட்ஜம்மா ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விழுங்கிவிட்டார். விழுங்குகிறவர்கள் எதை விழுங்குவார்கள் என்று பெண்களுக்குத் தெரியாதா? கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்து, "போறதுக்கு முன்னால வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வாங்கக்கா," என்றார்.

அதே யேசுதாசன் வெளியே போகும்போது பந்தலில் வரிசையாக ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, 'ஜெபத்தில நினைச்சுக்கோங்க' என்று சொல்லிக்கொண்டே போனார். தபீதாள் அதைக் காதாலேயே கேட்டார். புகார் கொடுக்கலாம். யாரிடம்? மேல்முறையீட்டு மன்றத்திடம். மன்றம் என்றால் யார்? தபீதாள்தான். மன்றமும் இப்போது வாயைத் திறக்கக்கூடாது.

அழ வேண்டும் போலிருந்தது. துக்க வீடு என்பதால் அழுதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மறு ஞாயிறு தனசிங் தாமாகவே ஒரு காரியம் செய்தார். இன்னொரு கவரில் காணிக்கை போட்டு, 'நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்திலேயே தொடர்ந்து வசிப்பதற்காக' என்று சீட்டு எழுதிச் செயலரிடம் கொடுத்தார். செயலர் சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

"ஏனாம்?" என்றார் தபீதாள்.

"ஜட்ஜம்மா தீர்ப்புப்படி வீட்டார் மூலமாவும் கூடாதாம். அப்புறம், போகாம இருக்கறதுக்கெல்லாம் யாரும் ஸ்தோத்திரம் பண்ணினதில்லை அண்ணேன்னு சொல்றான்."

"காணிக்கையாவது வாங்கிக்கிட்டானா?"

"அத வாங்கிக்கிட்டான்."

ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போது தபீதாள் எப்சியை இரண்டு தடவை பார்த்தார். வழக்கு முடியும்வரை பேசக்கூடாது என்பது எப்சிக்கும் தெரியும். முதல்முறை அவள் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். இரண்டாவது முறை குனியவில்லை. நேராகப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. 'நீங்களுமா?' என்று கேட்கிறாள் என்று தபீதாளுக்குத் தோன்றியது. ஒருவேளை ஸ்தோத்திரம்தான் சொன்னாளோ என்னவோ. எப்சி இப்போது மாடம்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பாதிச் சம்பளத்துக்குப் போகிறாள் என்று கேள்வி.

பேரவைக்கு முந்தின நாள் மத்தியானம் பிளஸ்ஸி வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். செம்பாக்கம் மெர்வினுக்குச் சித்தி மகள். வந்ததும் வராததுமாக ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் சமமாத்தான் நிக்குதாம். செம்பாக்கத்துக்காரங்க எட்டுப் பேர் எந்தப் பக்கம் போறாங்களோ அதுதான். எட்டுப் பேரும் மெர்வின் அண்ணன் சொன்னாத்தான் கேப்பாங்க."

"மெர்வினா? நான் தேர்தலை ரத்து பண்ணின ஆளு. எனக்கு எங்க போடப் போறான்?"

"அண்ணன் அப்படி இல்ல ஆன்ட்டி. மறுபடி நின்னு ஜெயிச்சிட்டாருல்ல. அவரு கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். 'அம்மாவுக்குப் போட்டு, ஆறு மாசத்துல அம்மா கனடா போயிட்டா, அந்த எடத்துல யேசுதாசனைத்தானே வைப்பாங்க? அதுக்கு இப்பவே அவருக்குப் போட்டு நல்ல பேராவது வாங்கிக்கலாமே'ங்கிறாரு."

"அது தப்புன்னு நீயே சொல்லேன். நீ தினமும் என்னைப் பார்க்கறவ."

சொல்லிவிட்டு தபீதாள் தாமே தலையை ஆட்டிக்கொண்டார். "வேண்டாம். நான் சொல்லி நீ சொன்னா நான் சொன்னதுதான்."

"நான் ஏற்கெனவே சொல்லிட்டேன் ஆன்ட்டி. அண்ணன் நம்பல. 'பக்கத்து வீட்டுக்காரி சொல்றத வச்சு எட்டு ஓட்டு போட முடியுமா? அம்மா வாயால ஒரு வார்த்தை வரட்டும்'னு சொல்றாரு. ஆறு மணிக்கு எட்டுப் பேரையும் கூப்பிட்டு வச்சிருக்காரு."

பிளஸ்ஸி போனபிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தனசிங் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"பொறியா இருக்குமோ?" என்றார் தனசிங்.

"இருக்கலாம். வர்ற கால் எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்றவன்னு கேள்வி. நாளைக்குக் காலைல பேரவைல என் குரலையே போட்டுக் காட்டலாம். என் தீர்ப்ப வச்சே என் பேர வெட்டலாம்."

"நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறானா இருக்கும்."

"அதுவும் இருக்கலாம்."

"நீ என்ன நினைக்கிறே?"

முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு அவருக்கு ஒரே வழிதான். காகிதத்தைப் படிப்பார், இரண்டு பக்கமும் கேட்பார், பேனாவை எடுப்பார். இங்கே காகிதமும் இல்லை, இரண்டு பக்கமும் இல்லை. மெர்வினின் முகம்கூடச் சரியாக நினைவில் இல்லை. மன்றத்துக்கு வந்தபோது தலையைக் குனிந்தே நின்றவன்.

தீர்ப்பு எழுதும்போது யாரை நினைத்து எழுதினோம் என்று யோசித்தார். ஓட்டுக்காக ஜெபம் செய்கிறவர்களை. பொய் சொல்கிறவர்களை. தன்னைப் பற்றிய பொய்யை மறுக்கக்கூட வழியில்லாமல் ஒரு வேட்பாளர் உட்கார்ந்திருப்பார் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. வாசகம் நன்றாக அமைந்திருந்தது. இன்னும் அகலமாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

மீறாமல் இருந்தால் தீர்ப்பு நிற்கும். எப்சி விழுவாள். மீறினால் என்ன நிற்கும், என்ன விழும் என்று மெர்வினுக்குத்தான் தெரியும்.

"இன்னொரு ஜட்ஜ்கிட்ட இந்தக் கேஸ் போயிருந்தா என்ன பண்ணுவாங்க?" என்றார் தனசிங்.

"மேல்முறையீட்டுக்குப் போகலாம்னு சொல்வாங்க," என்றார் தபீதாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை.

ஆறு மணிக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிளஸ்ஸி அனுப்பிவைத்திருந்த நம்பரைத் தொட்டார். நலம் விசாரிக்கமாட்டேன், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன், 'நான் கனடா போகவில்லை' என்ற மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன் என்று தமக்குத் தாமே நிபந்தனை போட்டுக்கொண்டார். மூன்று வார்த்தையாக இருந்தாலும் மீறல் மீறல்தான் என்பதும் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தே காதில் வைத்தார்.

மறுபக்கம் மணி போயிற்று. காலர் ட்யூனில் கீபோர்டில் ஒரு கீர்த்தனை. இனி கட் செய்தும் பயனில்லை. மெர்வினின் போனில் இந்நேரம் அவருடைய பெயர் விழுந்திருக்கும், எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும் அறையில், மேஜைமேல், எல்லாரும் பார்க்கும்படி. பார்த்துக்கொண்டே இருக்கிறார்களோ? அல்லது மெர்வின் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருக்கிறானோ?

கீர்த்தனை பல்லவி முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

"எடுத்தானா?" என்றார் தனசிங்.

தபீதாள் கோர்ட்டில் செய்வதுபோல் உள்ளங்கையை உயர்த்தி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். இன்னும் மணி போய்க்கொண்டிருந்தது.